எட்மண்ட் போடாத கையெழுத்து

அந்தப் பெண் ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

சிங்கப்பூரில்... சிராங்கூன் சாலையில்... சனிக்கிழமை மத்தியான வெயிலில். கோப்பிக் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோன எட்மண்ட் பாதியிலேயே நிறுத்திவிட்டான். சாம்பல் நிறக் கம்பளி ஸ்வெட்டர். கழுத்து வரைக்கும் பொத்தான். கையில் செய்தித்தாளில் சுற்றிய மீன் பொட்டலம். தெருவில் போகிறவர்கள் எல்லாம் சட்டைக் காலரைத் தூக்கி ஊதிக்கொண்டு நடக்க, இவள் மட்டும் கேமரன் மலைக் குளிரில் காற்று வாங்குகிறவள் போல வந்துகொண்டிருந்தாள்.

பாவம், காய்ச்சல் போல... என்று நினைத்தான். நினைத்ததோடு அவன் விட்டிருக்கலாம். ஆனால் வானம் விடவில்லை. எங்கிருந்தோ ஒரு மேகம் வந்து தேக்கா வட்டாரத்தின் மேல் நின்றது. அடுத்த நிமிஷம் மழை கொட்டு கொட்டென்று கொட்ட, சாலையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கடைகளின் முன்னால் இருக்கும் அஞ்சடிக்குள் ஓடி வந்தார்கள். ஓடி வந்ததில் ஒருத்தி எட்மண்டின் முழங்கையில் இடித்தாள். கோப்பி அவன் சட்டையில் சிந்தியது.

"சாரி..." என்று நிமிர்ந்தாள். ஸ்வெட்டர்காரி.

கண்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையை மேலே நகர்த்த முடியாது. பெரிய கண்கள். தூக்கம் போதாத கண்கள்... ஆனாலும் உள்ளே ஒரு சிரிப்பு எப்போது வெளியே வரலாம் என்று காத்துக்கொண்டிருந்தது. இமையில் ஒரு மழைத்துளி நின்றது. அதை அவள் துடைத்தால் நன்றாக இருக்கும் என்றும் துடைக்காமல் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றும் எட்மண்டுக்குத் தோன்றியது.

"பரவாயில்ல. உங்களுக்கு உடம்பு சரியில்லையா? பக்கத்து ரோட்டுல ஒரு டாக்டர் இருக்காரு."

"ஏன், என்னைப் பார்த்தா நோயாளி மாதிரி இருக்கா?"

"இல்ல... இந்த ஸ்வெட்டர்..."

"எச்சில் துப்பினா ஃபைன். குப்பை போட்டா ஃபைன். ஸ்வெட்டர் போட்டா எவ்வளவு?"

எட்மண்ட் சட்டையில் சிந்திய கோப்பியைத் துடைக்க ஆரம்பித்தான். அவளுக்கே கொஞ்சம் பாவமாகப் போயிருக்க வேண்டும்.

"நான் வேலை பார்க்கிற இடம் ஐஸ் பெட்டி மாதிரி இருக்கும். எப்பவும் ஸ்வெட்டர்தான். இன்னைக்கு மெஷினுக்கு ரிப்பன் மாத்தினதுல ப்ளவுஸ்ல மை ஒட்டிக்கிச்சு. கழட்ட முடியாது. போதுமா?"

ஐஸ் பெட்டி... கையில் மீன்... எட்மண்டின் மூளை மழையில் வழுக்கியது. "மீன் கம்பெனியா?"

அவ்வளவுதான். காத்துக்கொண்டிருந்த சிரிப்பு வெளியே வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பூக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமா லா. மீன் கம்பெனி. பன்னிரண்டு மாடி மீன் கம்பெனி."

மழை கொஞ்சம் இளைத்தது. பஸ் வருவதைப் பார்த்துவிட்டு அவள் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். "பேராவது சொல்லிட்டுப் போங்க" என்று அவன் கேட்டது அவனுக்கே வெட்கமாக இருந்தது. படியில் ஏறிக்கொண்டே அவள் சொன்னாள்.

"உர்சுலா."

எட்மண்ட் தன் வீடு இருக்கும் ஈசூனுக்குப் போகிற பஸ்ஸில் நெடுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நல்ல பெண்ணைப் பார்த்தோம், மீன் கம்பெனியின் பெயரைக் கேட்காமல் விட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

மீன் கம்பெனியின் பெயர் கார்ட்வெல் சிஸ்டம்ஸ். ஷென்டன் வேயில் கண்ணாடிக் கட்டடம். எண்பத்து நாலாம் வருஷம் அது. கம்ப்யூட்டர் என்ற சொல்லையே ஜனங்கள் குரலைத் தாழ்த்தி மரியாதையோடு சொன்ன காலம். உர்சுலா அங்கே ப்ரோக்ராமர் என்றால் அவள் வீடு இருக்கும் பூன் லேயின் பங்குக் கோவிலில் பாதிரியார்கூட ஒரு நிமிஷம் நின்று விசாரிப்பார். அவள் அப்பா சூசைநாதன் ஜூரோங் கப்பல் பட்டறையில் வெல்டர். மகளுடைய வேலையைப் பற்றி அவர் சொல்லாத ஆள் பட்டறையில் பாக்கியில்லை. "என் பொண்ணு எழுதறதைத்தான் மெஷின் செய்யும்" என்பார்.

உண்மை அவ்வளவு அழகாக இல்லை. பெரிய கம்பெனியில் யாரும் முழு யானையைப் பார்ப்பதில்லை. ஒருவருக்குக் கால், ஒருவருக்கு வால். உர்சுலாவுக்குக் கிடைத்தது யானையின் காது நுனி. ஈஸ்ட்லைட் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் செய்யும் பெரிய சிஸ்டத்தில், பாலிசிக்காரர்களின் பெயரையும் விலாசத்தையும் கடிதங்களில் அச்சடிக்கும் பகுதி. காலையில் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். மறுநாள் காலையில் மெஷின் என்ன சொன்னது என்று கத்தையாக அச்சுத்தாள் வரும். ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போயிருந்தால் அந்த நாள் போச்சு. கம்ப்யூட்டர் அறையில் மனிதர்கள் விறைத்துப் போகலாம், மெஷினுக்கு மட்டும் வேர்க்கக் கூடாது.

அங்கே அவளை உர்சுலா என்று கூப்பிட ஆளில்லை. அடையாள அட்டையில் யூ. சூசைநாதன் என்று இருந்தது. பிராஜெக்ட் லீடர் மிஸ்டர் லிம் முதல் நாளே அதைச் சுருக்கி 'சூசன்' ஆக்கிவிட்டார். மாடி முழுக்க அதுவே நின்றுபோனது. அப்பாவின் பெயரை வெட்டித் தன் தலையில் வைத்துவிட்டார்களே என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பழகிவிட்டது. ப்ரொபேஷனில் இருக்கிற பெண் பெயருக்கெல்லாம் சண்டை போட முடியுமா... மாதக் கடைசியில் கன்ஃபர்ம் ஆக வேண்டும். ஈஸ்ட்லைட் ஆள் வந்து பரிசோதித்து, ஏற்றுக்கொண்டோம் என்று கையெழுத்துப் போட்டால் கன்ஃபர்ம். இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம் என்பதை மிஸ்டர் லிம் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை காலை அந்த ஈஸ்ட்லைட் ஆள் வந்தான்.

உர்சுலா கூட்ட அறையில் கதவோரம் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தாள். மிஸ்டர் லிம், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த மிஸ்டர் ப்ரெஸ்காட் என்ற உயரமான வெள்ளைக்காரர், இன்னும் இரண்டு பேர். கதவு திறந்தது. டை கட்டிய எட்மண்ட். அவளைப் பார்த்ததும் அவன் முகம் பூராவும் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. தாண்டிப் போகும்போது மெல்ல, "பன்னிரண்டு மாடி மீன் கம்பெனி..." என்றான்.

உர்சுலா குறிப்பேட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டாள். சிரித்துவிட்டால் கன்ஃபர்மேஷன் போய்விடும்.

எட்மண்ட் தன் பையிலிருந்து சில வாழ்த்து அட்டைகளை எடுத்து மேஜைமேல் பரப்பினான். சோதனைக்காக ஈஸ்ட்லைட் ஊழியர்களின் சொந்தப் பாலிசிகளை வைத்து மெஷின் அச்சடித்து அனுப்பிய பிறந்தநாள் அட்டைகள். அவன் குரல் மாறிவிட்டது. ஒவ்வொரு தமிழர் அட்டையிலும் தப்பு என்றான். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. எட்மண்ட், சன் ஆஃப் அந்தோனி என்றால் எட்மண்ட் என்பவன் அந்தோனியின் மகன். ஆனால் மெஷின் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, 'அன்புள்ள மிஸ்டர் அந்தோனி' என்று அப்பாவுக்கு வாழ்த்துச் சொல்கிறது. மலாய்க்காரர்களுக்கும் இதே கதி. இப்படியே ஊர் முழுக்கக் கடிதம் போனால் ஈஸ்ட்லைட்டின் மானம் போகும். கையெழுத்துப் போட முடியாது.

சொல்லி முடித்துவிட்டு, இந்த அறையில் தன் பேச்சு புரியக்கூடிய ஒரே ஆள் பக்கம் சாய்ந்து, சிநேகமாகத் தமிழில் சொன்னான்.

"இதை எழுதினவன் வாழ்க்கையில ஒரு தமிழனைக்கூடப் பார்த்திருக்க மாட்டான் போல. யாரோ வெள்ளைக்காரன்."

"அவர் என்ன சொல்கிறார், சூசன்?" என்று மிஸ்டர் லிம் கேட்டார்.

உர்சுலா அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு சொல் விடவில்லை. பிறகு எட்மண்ட் பக்கம் திரும்பினாள். காது மடல் கொதித்தது.

"தமிழச்சியைத் தினமும் கண்ணாடியில பார்க்கிறேன். எழுதினது நான்தான்."

எட்மண்டின் முகத்தில் எரிந்த விளக்கு அணைந்துபோனது. குறிப்பேடு வைத்திருக்கும் பெண் என்றால் டைப்பிஸ்ட் என்று முடிவு கட்டியிருந்தான் அந்தப் புத்திசாலி. மேஜைக்கு அடியில் ஒரு குழி இருந்தால் இறங்கியிருப்பான்.

கூட்டம் கலைந்ததும் உர்சுலா நேரே கம்ப்யூட்டர் அறைக்குப் போய் மெஷின்களுக்கு நடுவே நின்றாள். அழுதாலும் அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. ஆனால் அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது. பெயரின் கடைசிச் சொல் குடும்பப் பெயர் என்பது தலைமை அலுவலகம் எழுதிய விதி. சீனர்களுக்கு முதல் சொல்தான் குடும்பப் பெயர் என்று மிஸ்டர் லிம்மே பார்த்துத் திருத்திவிட்டார். தமிழருக்கு யார் பார்ப்பது? அவள்தான் பார்த்திருக்க வேண்டும். அவள் தன் பெயரையே போட்டுச் சோதித்தபோது, 'அன்புள்ள மிஸ் சூசைநாதன்' என்று வந்தது. சரி என்று டிக் போட்டாள். ஒரு வருஷமாக சூசனாக இருந்தவளுக்கு அது தப்பாகவே தெரியவில்லை.

அவன் சொன்னது நிஜம் என்பதுதான் அவன் மேல் அவளுக்கு வந்த கோபத்தைத் தாங்க முடியாததாக ஆக்கியது.

சாயங்காலம் மிஸ்டர் லிம் கூப்பிட்டார். இப்போது திருத்த ஆரம்பித்தால் கெடு தவறிவிடும், தலைமை அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், திருத்தத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவனும் இந்தியன், நீயும் இந்தியன், ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்துப் பேசு, வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே உன் கன்ஃபர்மேஷன் என்றார்.

வீட்டில் அம்மா அல்போன்சம்மாள் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "ஏம்மா முகம் வாடியிருக்கு?" என்று கேட்டாள். உர்சுலா பதில் சொல்வதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "மாசக் கடைசியில கன்ஃபர்ம் ஆனதும் கோவில்ல ஒரு பூசை சொல்லணும். சாமியார்கிட்டப் பேசிட்டேன்." உர்சுலாவுக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் எட்மண்டைத் தெலுக் ஆயர் பக்கம் ஓர் உணவங்காடியில் சந்தித்தாள். கோப்பி வாங்கிக் கொடுக்க அல்ல. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க. ஆனால் அவன் முதலில் எழுந்து நின்றான்.

"மன்னிச்சிருங்க. நீங்கதான் எழுதினீங்கன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா தப்பு இல்லைன்னு சொல்லியிருப்பீங்களா?"

"இல்ல. தனியா சொல்லியிருப்பேன்."

அவளுக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது. உட்கார்ந்தாள். அவன் கிளாஸைச் சுற்றிக்கொண்டே பேசினான்.

"அந்த அட்டை ஈசூன்ல எங்க வீட்டுக்கும் வந்துச்சு. என் பிறந்தநாளைக்கு... அப்பா பேருல. அப்பா துறைமுகத்துல வேலை பார்த்தாரு. இறந்து அஞ்சு வருஷம் ஆச்சு. அம்மாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. ஆனா அந்தோனின்னு எழுதியிருந்தா படிச்சிருவாங்க."

"அழுதாங்களா?"

"சந்தோஷப்பட்டாங்க. இன்னும் யாரோ அவரை ஞாபகம் வச்சிருக்காங்கன்னு. அட்டையை அவர் படத்துக்குப் பக்கத்துல வச்சு மெழுகுவத்தி ஏத்தினாங்க. மெஷின் பண்ணின தப்பும்மான்னு என்னால சொல்ல முடியல."

சுற்றிலும் தட்டுகளின் சத்தம். உர்சுலா டிக் போட்ட ஒரு வரி, ஈசூனில் ஓர் அம்மாவின் வீடு வரைக்கும் போய் மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறது. கம்பெனியில் யாரும் அவளுக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

"சரி, விடுங்க" என்றான் எட்மண்ட். "வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

"என்ன?"

"மிஸ்டர் லிம் போன் பண்ணாரு. உங்க கன்ஃபர்மேஷன் இதுலதான் இருக்குதாமே. திருத்தத்தை அப்புறம் பார்த்துக்கலாம்."

"எனக்காகவா?"

"ஆமா... உங்களுக்காகத்தான்."

வேறொரு பெண்ணாக இருந்தால் இந்த இடத்தில் உருகியிருப்பாள். உர்சுலாவுக்கு வந்ததோ ஆத்திரம்.

"என் வேலைக்காக நீங்க பொய்க் கையெழுத்துப் போடுவீங்க. நான் சந்தோஷமா கன்ஃபர்ம் ஆகணும். அப்புறம் உங்க முகத்தைப் பார்க்கிற நேரமெல்லாம் எனக்கு அந்தக் கையெழுத்துதானே தெரியும்?"

எட்மண்ட் நிமிர்ந்து பார்த்தான். அவன் உதட்டோரம் மெல்ல அசைந்தது.

"அப்ப என் முகத்தைப் பார்க்கிற உத்தேசம் இருக்கா?"

உர்சுலாவின் கன்னத்தில் ரத்தம் ஏறியது. சண்டையின் நடுவே இப்படி ஒரு கேள்வி கேட்கலாமா... பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "போடாதீங்க. சொல்லிட்டேன்." பாதி கோப்பி மேஜையிலேயே கிடந்தது.

வியாழக்கிழமை காலை அவள் பன்னிரண்டாம் மாடிக்குப் போனாள். அந்த மாடியில் கம்பளம் விரித்திருக்கும். அவள் மாதிரி ஆட்கள் கூப்பிடாமல் அங்கே போவதில்லை. மிஸ்டர் ப்ரெஸ்காட்டின் கதவைத் தட்டினாள். அப்பா சாமியாரிடம் சொல்லி வைத்த பூசை ஞாபகத்துக்கு வந்தது. திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்துவிட்டது.

மிஸ்டர் ப்ரெஸ்காட்டிடம் எல்லாவற்றையும் சொன்னாள். விதி தப்பு. தான் பார்த்தும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கொடுத்தால் திருத்திவிடலாம். கொடுக்காவிட்டால் ஈஸ்ட்லைட் கையெழுத்துப் போடக் கூடாது.

"ஏன் முன்பே சொல்லவில்லை, சூசன்?" என்று அவர் கேட்டார்.

"என் பெயர் சூசன் இல்லை சார். சூசைநாதன் என் அப்பா. நான் உர்சுலா. இங்கே எல்லாரும் என்னை அப்பா பெயரால் கூப்பிட்டுக் கூப்பிட்டு, மெஷினும் அப்படிக் கூப்பிட்டபோது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை."

அவர் மேஜை நாட்காட்டியைத் திருப்பிப் பார்த்தார். நல்ல மனிதர்தான். ஆனால் கம்பெனி கம்பெனிதான். இரண்டு வாரம் கிடைத்தது. கூடவே ப்ரொபேஷன் மூன்று மாதம் நீண்டது. மிஸ்டர் லிம் அன்று முழுவதும் அவளிடம் பேசவில்லை. மறுநாள் பேசியபோது, சிரமப்பட்டு, "உர்... சு... லா" என்றார்.

வீட்டில் சொன்னபோது அப்பா அவள் தட்டில் ஒரு மீன் துண்டை எடுத்து வைத்தார். பிறகு, "பூசையைத் தள்ளி வச்சுக்கலாம்மா. சாமியார் எங்கேயும் போயிடமாட்டாரு" என்றார். அப்போதுதான் உர்சுலாவுக்கு அழுகை வந்தது.

எட்மண்டிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று வெள்ளிக்கிழமை காலை சீக்கிரமே வந்துவிட்டாள். தலைமுடியைக்கூட வேறு மாதிரி வாரியிருந்தாள். ஏன் என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவில்லை. கூட்ட அறைக் கதவு திறந்தது.

வந்தது எட்மண்ட் இல்லை. நடுத்தர வயதில், கண்ணாடி போட்ட ஒருவர். நயினா முகம்மது என்று பெயர் சொன்னார். இனி ஈஸ்ட்லைட் சார்பில் தான்தான் பரிசோதிப்பேன் என்றார்.

"மிஸ்டர் எட்மண்ட்?"

"அவரு மாத்தல் கேட்டு வாங்கிட்டாரும்மா. கம்ப்யூட்டர் வேலையே வேணாம்னுட்டாரு. நல்ல பையன், என்ன ஆச்சோ தெரியல."

உர்சுலாவுக்குள் என்னவோ சரிந்தது. போடாதீங்க என்று சொன்னதற்காகவா... ஒரு பெண் நாலு பேர் நடக்கிற இடத்தில் குரலை உயர்த்திவிட்டாள் என்பதற்காகவா? ஆண்பிள்ளை ரோஷம். போகட்டும். யாருக்கு நஷ்டம்? இப்படிச் சொல்லிக்கொண்டே அவள் ஒரே வரியை மூன்று தடவை தப்பாக எழுதினாள்.

வேலைதான் அவளைக் காப்பாற்றியது. தமிழர், மலாய்க்காரர், சீக்கியர், யுரேஷியர் என்று இந்தத் தீவில் மனிதர்கள் எத்தனை விதமாகப் பெயர் வைத்துக்கொள்கிறார்கள் என்று பார்க்கப் பார்க்க அவளுக்கே பிரமிப்பாக இருந்தது. சன் ஆஃப், டாட்டர் ஆஃப் வந்தால் அதற்கு முன்னால் இருப்பதுதான் ஆளின் பெயர். மலாய்ப் பெயரில் மகன் என்று பொருள்படும் 'பின்' வந்தாலும் அப்படியே. கேன்டீன் பூவம்மாவிலிருந்து வாசல் காவலாளி ரவூப் வரைக்கும் கட்டடத்தில் எல்லாருடைய முழுப்பெயரையும் கேட்டு வாங்கி மெஷினில் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொருவரையும் மெஷின் அவரவர் பெயரால் கூப்பிட்டது. அந்த அச்சுத்தாளைப் பார்த்தபோது, இந்த வேலை தனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று முதல் தடவையாகத் தெரிந்தது. இதைக் காட்டுவதற்குத்தான் ஆளில்லை.

இரண்டாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம் நயினா முகம்மது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். உர்சுலாவும் தட்டினாள்.

சனிக்கிழமை மத்தியானம் பூன் லேயில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். கப்பல் பட்டறை லாரிகள் வேலை முடிந்த ஆட்களை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தன. பழக்கடைப் பக்கம், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன், நின்றால் நல்லதா உட்கார்ந்தால் நல்லதா என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நின்றான்.

உர்சுலாவின் கால்கள் தாமாகவே வேகம் குறைந்தன. மனசு மட்டும் முன்னாலே ஓடியது.

"இங்க என்ன பண்றீங்க?"

"என் ஆபீஸ் இப்ப இங்க பக்கத்துல, ஜூரோங்லதான். கிளையில கவுன்ட்டர் வேலை."

"ஈசூன்ல இருந்து ஜூரோங்குக்கா?"

"ரெண்டு பஸ் மாறணும். பரவாயில்ல, தூங்கிட்டே வரலாம்."

"கம்ப்யூட்டர் வேலைக்கு எல்லாரும் அடிச்சுக்கிறாங்க. கிடைச்சதை விட்டுட்டு..."

"கவுன்ட்டரும் நல்லாத்தான் இருக்கு. ஜனங்க நேரா வந்து திட்டுறாங்க."

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்று உறுதியாக இருந்தாள்.

"ரெண்டு வாரம். ஒரு வார்த்தை சொல்லல. நான் கோபமா பேசினேன்னு ஓடிட்டீங்கன்னு நினைச்சேன்."

"நீங்க பேசினதுக்கு அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்துச்சு." எட்மண்ட் நேராக அவளைப் பார்த்தான். கேலி எல்லாம் எங்கோ போயிருந்தது. "உங்க வேலைக்குக் கையெழுத்துப் போடற இடத்துல நான் இருந்தேன். அங்க இருந்துகிட்டு உங்ககிட்ட எதைச் சொன்னாலும், அது வேற மாதிரி ஆயிடும். கையெழுத்துப் போட்டா உங்களுக்காகப் போட்டேன்னு ஆகும். போடலைன்னா, நீங்க சரின்னு சொல்லாததால போடலைன்னு ஆகும். அதான் அந்த நாற்காலியே வேணாம்னு எழுந்துட்டேன்."

"அதைச் சொல்லிட்டுப் போயிருக்கலாமே..."

"நயினா முகம்மது அண்ணன் கையெழுத்துப் போடற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். உங்க கம்பெனியில யாரும் ஒரு பேச்சுப் பேசக் கூடாது பாருங்க, அவ ஆளைப் பிடிச்சுப் பாஸ் ஆனான்னு. நேத்து சாயங்காலம் போட்டுட்டாராம். ராத்திரி போன் பண்ணாரு, உங்க வீடு பூன் லேன்னும் சொன்னாரு. இன்னைக்கு வந்துட்டேன்."

லாரி ஒன்று புகை விட்டுக்கொண்டு போனது. உர்சுலா அதைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவன் ஓடவில்லை... இரண்டு வாரமாக, தினமும் இரண்டு பஸ் மாறி, தன் பெயர் கெடாமல் காவல் காத்திருக்கிறான். இவனைப் போய் ரோஷக்காரன் என்று திட்டினோமே.

"அப்ப... இப்ப சொல்லலாமா?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"சொல்லலாம்." வந்த தைரியம் அவனுக்குப் பாதியில் போயிற்று. சட்டைப் பொத்தானைத் திருகினான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, உர்சுலா. ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்க கன்ஃபர்மேஷன் தள்ளிப் போச்சுன்னு கேட்டப்ப வருத்தமா இருந்துச்சு. ஆனா அந்தப் பன்னிரண்டாம் மாடியில போய் நீங்களே சொன்னீங்கன்னு கேட்டப்ப... இந்தப் பொண்ணைத்தான் கட்டிக்கணும்னு தோணிச்சு. வேற எதுவும் எனக்கு வேணாம்."

பழக்கடைக்காரர் விலை சொல்வதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார். தமிழ் தெரியாத சீனர்தான். ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது.

உர்சுலா குனிந்து தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள். பெரிய கண்கள் நிறைந்துவிட்டன. நிமிர்ந்தால் கொட்டிவிடும். கொட்டினால் கொட்டட்டும் என்று நிமிர்ந்தாள்.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. நீங்க வராத முதல் நாளே தெரிஞ்சுபோச்சு."

எட்மண்ட் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ஈசூனிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. இப்போது சிரித்தது உர்சுலாதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதிரே தெரிந்த அடுக்குமாடியைக் காட்டினாள்.

"வாங்க. அப்பா வீட்டுக்கு வந்திருப்பாரு."

"இப்பவா?"

"இப்பவே. நாளைக்குன்னா எனக்குத் தைரியம் போயிடும்."